சூடு ஆறாத வாலை

மன்னூபியா பூத்தண்ணீர் வடிக்கிற தன் வாலையைத் தெருவுக்கு இழுத்து வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரொட்டிக்காரன் வந்துபோன கொஞ்ச நேரத்தில். செம்பு அண்டா கல் தரையில் உரசிய சத்தத்துக்கு எட்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஒன்பதாவது ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. அது ஹலூமா வீட்டு ஜன்னல். மழை பெய்தால்கூட அதைச் சாத்துவதில்லை.

நாபெல் ஊரில் நாரத்தை பூக்கும் மாதத்தில் எந்த வீட்டுக் கதவும் திறந்திருக்காது. வாலை ஏற்றுகிற வீட்டில் கதவைச் சாத்தி, உள்ளே சாம்பிராணி போட்டு, பூவை வெள்ளைத் துப்பட்டியில் விரித்து, யார் கண்ணும் படாமல் பூத்தண்ணீர் இறக்குவார்கள். எரிகிற வாலைக்குப் பக்கத்தில் குரலை உயர்த்தினால் பூ மிரண்டுவிடும், மணம் அண்டாவை விட்டு வெளியே வராது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அந்த மூன்று வாரமும் மாமியார் மருமகள் சண்டைகூடக் கிசுகிசுப்பில்தான் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய நஷ்டம். இன்னொரு விதியும் உண்டு. அடுப்பில் ஏறிவிட்ட வாலையை யாரும் இறக்கவோ நகர்த்தவோ, பாதியில் அதன் தீயை அணைக்கவோ கூடாது, அது யாருடைய வாலையாக இருந்தாலும் சரி. பூ மாற்றுவதற்காக மூடியைத் திறந்திருந்தாலும் அண்டாவில் சூடு இருக்கிறவரை அது எரிகிற வாலைதான்.

அப்படிப்பட்ட வாலையைத்தான் மன்னூபியா நட்டநடுத் தெருவில், கழுதையும் மோட்டார் சைக்கிளும் போகிற இடத்தில், ஒரு காஸ் அடுப்பின் மேல் தூக்கி வைத்தாள். தலையில் கறுப்புத் துணி, கையில் மாவுக் கிண்ணம். முகத்தைப் பார்த்தால் ஏதோ ஊறுகாய் காயவைக்க வந்தவள் மாதிரி இருந்தது.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. புருஷன் தாஹர் போன வருஷம் இதே மாதத்தில் மவுத்தாகிவிட்டார். வாலை, மாமியார் அவள் கையில் கொடுத்தது. கல்யாணமான இரண்டாம் வருஷமே கிழவி அவளைக் கூப்பிட்டு, மூக்கு இருக்கிறவளுக்குத்தான் இது என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். இளைய மருமகள் பெய்யா வந்தபோது அவளுக்கும் மூக்கு இருந்தது. ஆனால் கிழவி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை பெய்யா தன் பூவைக் கொண்டுவந்து அதே வாலையில் இறக்கிப் போவாள். போகும்போது மூடியில் ஒரு நெளிவு இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

பெய்யாவின் புருஷன் துஹாமி, தாஹரின் தம்பி. ஜாடியும் தட்டும் விற்கிற பெரிய கடை வைத்திருந்தான். கடலோரத்துப் புது ஓட்டல் ஒன்றுக்குச் சாமான் கொடுக்கப் போன இடத்தில், வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பழைய செம்பு வாலை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுக்கென்ன, எங்கம்மாவுது இருக்கு என்று துஹாமி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை மாலை அண்ணி வீட்டுக்கு வந்து, பைன் கொட்டை போட்ட தேநீரைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்தை எடுத்தான்.

"மதினி, அம்மா சாமான் மூலையில கெடந்து கறுக்கிறதுக்கு நாலு பேரு கண்ணுல படட்டுமே. உள்ள காகிதப் பூ வைப்பாங்களாம். மேல ஒரு வெளக்கும் மாட்டுவாங்களாம்."

"கறுக்கா? நீ அதைக் கடைசியா எப்பம் பாத்த?"

"பாத்தாத்தானா. கோர்ட்டுக் காகிதத்துல அது அண்ணன் பேருல இருக்கு. அண்ணனுக்குப் பிள்ளை இல்ல. உங்களுக்குக் கால் பங்கு, எனக்கு முக்கால்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அது மன்னூபியாவுக்கும் தெரியும். அவள் காலி கிளாஸை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"சரி. மூடியும் மூக்குக் குழாயும் என் கால் பங்கு. அடி அண்டாவை நீ எடுத்துக்கோ. ஓட்டலுக்கு ஒட்டகம் வந்தா தண்ணி காட்டச் சொல்லு."

துஹாமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு இதைச் சொல்லவே பிடிக்கவில்லை என்கிற முகத்தோடு சொன்னான்:

"இந்த வருசம் உங்களுக்கு எவளும் பூ குடுக்கலியே மதினி. சும்மா கெடக்கத்தானே போவுது. இத்தாவுல இருந்துக்கிட்டு வாலை ஏத்துனதாலதான் தண்ணி செத்துப்போச்சுன்னு ஊரே சொல்லுது."

"ஊரா, ஒம் பொண்டாட்டியா?"

அவன் எழுந்தான். வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

விஷயம் இதுதான். போன வருஷம் தாஹர் கண்ணை மூடியபோது மேல்மாடி அறையில் நாற்பது வீட்டுக்கான பூ விரித்துக் கிடந்தது. நாரத்தைப் பூ இரண்டு நாள் பொறுக்கும். மூன்றாம் நாள் பழுப்பேறி அழுகும். புருஷன் போனவள் இத்தா இருக்கிற நாலு மாதம் பத்து நாளும் வாசனைத் திரவியம் தொடக்கூடாது. அடக்கம் முடிந்த மறுநாள், ஓதுகிறவர்களுக்குக் கூஸ்கூஸ் பரிமாறிய கையோடு மன்னூபியா கறுப்புத் துணியை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வாலையை ஏற்றினாள். அன்று யாரும் தப்பாகச் சொல்லவில்லை. நாற்பது வீட்டுக்கும் குடுவை வேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் மூன்றாம் வீட்டு நஸீஹாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நஸீஹா ஆறு தட்டு பக்லாவா செய்தாள். பாகில் மன்னூபியாவிடம் வாங்கிய முதல் தண்ணீரை, வாலையில் முதலில் இறங்குகிற மணம் கூடியதை, ஊற்றினாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, கூட்டத்தின் நடுவே, பாகுல பூத்தண்ணி விட மறந்துட்டீங்களா என்று கேட்டாள். ரொம்ப அன்பாகத்தான் கேட்டாள். அன்றிலிருந்து நஸீஹா மன்னூபியாவோடு பேசுவதில்லை. ஏன் இப்படி ஆனது என்று தெரு யோசித்துக்கொண்டிருந்தபோது பெய்யா காரணம் கண்டுபிடித்தாள்: இத்தா. அந்தக் காரணம் கிணற்றடி, ரொட்டி அடுப்பு, குளியல் மண்டபம் எல்லாம் சுற்றிவிட்டு வசந்தத்துக்குள் மன்னூபியா வீட்டு வாசலுக்கு வந்துசேர்ந்தது. இந்த வருஷம் ஒரு வீடும் அவளிடம் பூ கொடுக்கவில்லை. எல்லோரும் பின் தெருவில் அலுமினிய வாலை வைத்திருப்பவளிடம் முறை சொல்லி வைத்தார்கள்.

மன்னூபியாவுக்கு நாற்பது வீடு போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. வருஷத்தில் மூன்று வாரம் அவள் யாருடைய விதவையும் இல்லை, மன்னூபியா. வாலை போய்விட்டால் மிச்சம் இருக்கிற நாற்பத்தொன்பது வாரம்தான் வாழ்க்கை. அதைக் காகிதப் பூவுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

வியாழக்கிழமை தோட்டத்துக்குப் போய்த் தானே நாலு கிலோ பூ வாங்கி வந்தாள். பாலைக்காற்று வீசப்போகிறது, மொட்டெல்லாம் ஒரேயடியாக வெடிக்கும் என்று தோட்டக்காரர் சொன்னார். இரவு பூவை விரித்துக் காம்பு கிள்ளினாள். கதவுக்குப் பின்னால் வைத்து இறக்கினால் கதவுக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் நடந்தது என்பார்கள். விடிந்ததும் கதவை அகலத் திறந்து, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, அண்டாவை இழுத்தாள்.

அடியில் தண்ணீர், மேலே பூ, அதன் மேல் மூடி. மூடிக்கும் அண்டாவுக்கும் இடையில் ஆவி போகாமல் மாவைத் திரித்து விரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வந்தாள். மூடியின் தலைமேல் இருக்கிற தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். குழாயின் நுனியை வைக்கோல் பின்னிய குடுவைக்குள் விட்டு, ஈரத்துணி சுற்றினாள். தீயை மொச்சை அளவுக்குச் சின்னதாக்கினாள். பெரிய தீயில் பூ வெந்துபோகும். அப்புறம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தலைத் தொட்டித் தண்ணீர் சூடாவதை விரலால் பார்ப்பது, சூடானதை முகந்து ஊற்றிவிட்டுப் புதிதாக ஊற்றுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு தரம் தவறினாலும் ஆவி ஆவியாகவே போய்விடும்.

முதல் சொட்டு விழுவதற்கும் துஹாமியின் வண்டி தெருமுனையில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது.

வண்டியில் துஹாமி, கடை ஆட்கள் இரண்டு பேர், கோட்டு போட்ட ஓட்டல்காரர் ஒருவர். துஹாமி இறங்கும்போதே வாயைத் திறந்தான். "மதி" என்பதுவரை வந்தது. மீதியை விழுங்கினான். வாலையைப் பார்த்தான், தீயைப் பார்த்தான், ஜன்னல்களைப் பார்த்தான். எட்டு ஜன்னலிலும் ஆள் இல்லை. கிசுகிசுப்பு மாடிக்குக் கேட்காது என்பதால் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு கீழே இறங்கி வந்துவிட்டிருந்தார்கள்.

ஓட்டல்காரர் வெளியூர். இதுதானா அது, நல்ல பெரிசாக இருக்கிறதே என்று சாதாரணக் குரலில் சொன்னார். தெரு முழுக்க ஒன்றாக "ஷ்ஷ்" என்றது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு.

அப்புறம் நடந்த சண்டையைத் தெரு இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. துஹாமியின் கை கால் எல்லாம் கத்தின. கழுத்து நரம்பு கத்தியது. குரல் மட்டும் தொழுகையில் ஓதுகிற மாதிரி இருந்தது.

"தீயை அணைங்க மதினி."

"நீ அணை."

"வெளையாடாதீங்க."

"ஒங்கம்மா வாலை. ஒனக்கு முக்கால் பங்கு. தீயிலயும் முக்கால் ஒன்னுதுதான். ஒன் கையால அணை."

துஹாமி குனிந்து அடுப்புக் குமிழைப் பிடித்தான். தெரு அவன் கையையே பார்த்தது. அவன் அம்மா வாலை ஏற்றியிருந்தபோது தபால்காரன் வாசலில் நின்று கூப்பிட்டதற்காக அந்த வருஷம் முழுக்க அந்தத் தபால்காரனிடமிருந்து கடிதம் வாங்காதவள். அது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையை எடுத்தான். கடை ஆட்களில் ஒருவனிடம் அணைக்கச் சொல்லிக் கண் காட்டினான். அவன் தன் செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"எவ்வளவு நேரம் எரியும்? சிலிண்டர் தீரும்ல. நான் இருக்கேன்" என்றான் துஹாமி. காப்பிக்கடையிலிருந்து ஒரு நாற்காலி வாங்கிவந்து எதிரே போட்டு உட்கார்ந்தான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நஸீஹா வந்தாள். கையில் முக்கால் காலியான ஒரு குடுவை. குடுவையின் கழுத்தில் சிவப்பு நூல், முதல் தண்ணீருக்கு அடையாளமாக மன்னூபியா கட்டுகிற நூல். அதை வாலைக்கு முன்னால் வைத்துவிட்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு மன்னூபியாவிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"மோந்து பாரு."

மன்னூபியா அடைப்பானை எடுத்து மோந்தாள். ஒரு தடவை. முகத்தைத் திருப்பி, மூக்கு தெளிவதற்காகத் தன் முழங்கையை மோந்துவிட்டு, மறுபடி ஒரு தடவை. காற்று அனலாக வீச ஆரம்பித்திருந்தது. குடுவைக்குள் சொட்டு விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இது ரெண்டாம் தண்ணி" என்றாள்.

தெருவில் பெருமூச்சு ஒன்று போனது. துஹாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"என் கைதான் எறக்குனது. என் கைதான் நூலு கட்டுனது. ஒன் மக கல்யாணத்துல ஒன் தலை குனிஞ்சது என்னாலதான் நஸீஹா."

முதலில் இறங்குவதும் அதற்கப்புறம் மணம் குறைந்து இறங்குவதும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் குடுவையில் மிதக்கிற எண்ணெயை வழித்து எடுத்துவிட்ட பிறகு எது முதல், எது இரண்டாவது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒருத்திக்கும் அதுவரை தோன்றவில்லை. மன்னூபியா சொன்ன பிறகுதான் தோன்றியது.

"அவுகளுக்காவ மூக்கைக் கட்டியிருந்தேன். கட்டுன மூக்கோட நூலு கட்டுனேன். மாறிப்போச்சு."

"அதான் பெய்யா சொன்னா, இத்தாவுல செஞ்சது..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

மன்னூபியா திரும்பினாள். குரல் உயரவில்லை, ஆனால் அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டுக் கடைசி வரிசையில் நின்றவர்கள்கூட ஒரு அடி பின்னால் போனார்கள்.

"பூ இத்தா இருக்குமா? நாப்பது வீட்டுப் பூ. அழுவட்டும்னு விட்டிருந்தா அன்னைக்கே என்னைய மென்னு துப்பியிருப்பீங்க. எறக்குனது தப்பில்ல. இன்னைக்குச் சொல்லுதேன், அந்த நெலம இன்னொரு தரம் வந்தாலும் எறக்குவேன். நூலு மாறுனது தப்பு. அதை ஒத்துக்கிட்டேன். ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி என் தலையில வைக்காதீங்க."

நஸீஹா அடைப்பானை வாங்கிக் குடுவையில் திருப்பிச் செருகினாள். அவள் வியாபாரி மகள். அழுகை வருவதற்கு முன்னால் அவளுக்குக் கேள்விதான் வரும்.

"அப்பம் என் முதல் தண்ணி எங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. போன வருஷம் நீல நூல் கட்டிய இரண்டாம் தண்ணீர் வாங்கிய வீடுகள் மூன்று. இரண்டு வீட்டுக்காரிகளும் மூன்றாமவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹலூமா காப்பிக் கோப்பையை முந்தானைக்குள் மறைத்தாள். மறைத்து என்ன பயன்? ஒரு வருஷமாக அந்த ஜன்னலிலிருந்து வந்த வாசனை தெருவுக்கே தெரியும். ஹலூமாவுக்கு வயசு காலத்தில் கைப்பக்குவம் கூடியிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கென்னத்துக்குத் தெரியும்" என்றாள் ஹலூமா. "நல்லாருந்துச்சு, காப்பியில விட்டுக் குடிச்சேன்."

"தெரியலியா?" என்றாள் நஸீஹா.

"ரெண்டு சொட்டுக்கு மேல விட்டா நெஞ்சை அடைச்சுச்சு. அப்பமே நெனச்சேன்."

"நெனச்சதைச் சொல்லலியே."

"எங்கிட்ட யாரு கேட்டா?"

சிரிப்பைச் சத்தமில்லாமல் சிரிப்பது கஷ்டம். சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். துஹாமியின் ஆட்களில் ஒருவன் வண்டிக்குப் பின்னால் போய்விட்டு வந்தான். நஸீஹா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அடுப்பு இரண்டு தரம் விக்கியது. நீலத் தீ மஞ்சளாகி, உள்ளே போய், மறுபடி வெளியே வந்தது. சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது. காஸ் கடை ஜும்ஆ முடிந்துதான் திறக்கும். மன்னூபியா சிலிண்டரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். துஹாமி அதைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. கொடுத்த வாக்குக்கும் உட்கார்ந்த நாற்காலிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவன்.

"விடுங்க மதினி. அதுவா அணையட்டும். நான் தொடல, நீங்களும் அணைக்கல. ஒருத்தர் பேருலயும் பழி இல்ல."

மன்னூபியா சிலிண்டரை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. குடுவை பாதிகூட நிறையவில்லை.

நஸீஹா தன் பழைய குடுவையைத் தூக்கிக்கொண்டு விடுவிடென்று வீட்டுக்குள் போனாள். அவ்வளவுதான், அவளும் முடித்துக்கொண்டாள் என்று தெரு நினைத்தது. தீ ஒரு நகக்கண் அளவுக்கு வந்து நின்றபோது அவள் திரும்பி வந்தாள். இரண்டு கையிலும் கந்தல் துணி சுற்றி, காலையில் மிளகாய் சுடுவதற்குப் போட்ட மண் கரியடுப்பைக் கங்கோடு தூக்கிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சொல்லாமலே குனிந்து அண்டாவின் காதுகளைப் பிடித்து ஒரு விரற்கடை தூக்கினார்கள். சூடு ஆறாத வாலையை நகர்த்தக்கூடாது என்றுதான் விதி. தூக்கிப் பிடிக்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நஸீஹா காஸ் அடுப்பைக் காலால் தள்ளிவிட்டுக் கரியடுப்பைச் செருகினாள்.

"இது ஒனக்காவ இல்ல" என்றாள் மன்னூபியாவிடம். "மவன் வீட்டுல பேத்தி பொறந்து நாப்பதாம் நாளு வருது. எனக்கு முதல் தண்ணி வேணும். என் பூ மேல விரிச்சுக் கெடக்கு. அந்த அலுமினியக்காரி ஞாயித்துக்கெழமைதான் முறைன்னுட்டா, இந்தக் காத்துல ஞாயிறு வரைக்கும் என்ன மிஞ்சும்?"

"கொண்டா. நூலை ஒன் கையாலயே கட்டிக்கோ."

"கட்டுவேன். மோந்துட்டுத்தான் கட்டுவேன்."

குடுவை நிறைகிற நேரத்தில் கழுத்தில் பச்சையும் பொன்னுமாக எண்ணெய் வளையம் கட்டியது. ஒரு பெரிய நாரத்தை மரத்தைத் தெருவில் கவிழ்த்து வைத்தது மாதிரி வாசனை இறங்கியது. ஓட்டல்காரர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அப்புறம், அந்தக் குடுவையை வாங்கிக்கொள்ளலாமா என்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். வரிசையில் நிக்கச் சொல்லு என்றாள் மன்னூபியா. அவர் நிஜமாகவே போய் நின்றார். முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள், ஒவ்வொருத்தி இடுப்பிலும் பூ கட்டிய ஒரு வெள்ளை மூட்டை.

அன்றிலிருந்து அந்த வாலை ஆறவே இல்லை. வெந்த பூவை அள்ளிக் கொட்டின சூட்டோடு அடுத்த வீட்டுப் பூ உள்ளே போனது. தோட்டக்காரர் சொன்ன மாதிரி பாலைக்காற்றில் மொட்டெல்லாம் ஒன்றாக வெடித்து, தெருவில் நடந்தால் காலில் பூ ஒட்டியது. கரி போட ஒருத்தி, தலைத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற ஒருத்தி, ராத்திரி காவலுக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஹலூமாவுக்குக் காவல் வேலை கொடுத்தார்கள். அதை அவள் வேலை என்றே நினைக்கவில்லை. ரொட்டியும் ஹரிஸா மிளகாய் விழுதும் வறுத்த முட்டையும் வாலைக்குப் பக்கத்திலேயே வந்தன. கழுதைக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பூ இப்படித் திறந்த வெளியில், இத்தனை கண் பட்டு, இத்தனை வாசனையாக எப்படி இறங்குகிறது என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்கல்லா, அதான் என்றாள் மன்னூபியா.

துஹாமி தினமும் அஸர் தொழுகை முடிந்து வருவான். அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பார்ப்பான். சூடு. போய்விடுவான். ஐந்தாம் நாள் அவனுக்கும் ஒரு காப்பி கொடுத்தார்கள். அவன் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெய்யா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. இந்த வருஷம் கடையில் பூத்தண்ணீர் வாங்கிக்கொள் என்று துஹாமி சொல்லிவிட்டானாம். கடைத் தண்ணீரை ஊற்றிச் செய்த பலகாரத்தை அவளுடைய சொந்தத் தங்கையே தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போனாளாம். இது நம்பத் தகுந்த இடத்திலிருந்து வந்த செய்தி.

பத்தொன்பதாம் நாள் பூ முடிந்தது. மரங்களில் பட்டாணி அளவுக்குப் பச்சைக் காய் வந்துவிட்டது. கடைசி மூட்டை யாரோ தூரத்து உறவுக்காரர் கொண்டுவந்தது. அதுவும் மதியத்துக்குள் இறங்கிவிட்டது. தெருப் பெண்கள் தங்கள் குடுவைகளை எடுத்துக்கொண்டு வாசலோடு வாசலாக நின்றார்கள். இதற்குமேல் என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நாரத்தைப் பூ முடிந்தால் வாலையைச் சாம்பல் போட்டுத் துலக்கி உள்ளே வைப்பதுதான் அந்தத் தெரு வழக்கம்.

துஹாமியின் வண்டி கடை ஆட்கள் இரண்டு பேரோடு வந்து நின்றது. அவன் இறங்கி வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான்.

மன்னூபியா அண்டாவுக்குள் குனிந்து வெந்த பூவை வழித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது நாள் தூங்காத தூக்கம் கண்ணில் சிவந்து கிடந்தது. விரல்நுனியெல்லாம் சூட்டில் தோலுரிந்திருந்தது. கரியடுப்பில் நாலு கங்கு மட்டும் மிச்சம்.

"பூ முடிஞ்சிட்டு மதினி" என்றான் துஹாமி மெதுவாக. "ஆறட்டும். நான் அவசரப்படல. நீங்க கொஞ்சம் தூங்குங்க."

மன்னூபியா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கங்கைக் குச்சியால் புரட்டி, குனிந்து ஊதினாள். சாம்பல் பறந்து அவள் முகத்திலேயே விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். அதைப் பார்க்க முடியாமல் ஹலூமாவே ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகவே தெருமுனையில் வந்தது யார் என்பதை அந்தத் தெருவில் கடைசியாகப் பார்த்தவள் அவள்தான். இதைப் பற்றி அவளுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

வந்தது பெய்யா. தலையில் ஒரு கோணிச் சாக்கு. நேராக வந்து, புருஷன் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், சாக்கை வாலைக்குப் பக்கத்தில் இறக்கினாள். வாலையில் வடிக்கிற வாசனை ஜெரேனிய இலை. பறித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, காம்பில் ஈரம்கூடக் காயவில்லை.

"பெய்யா" என்றான் துஹாமி. முழுக் குரலில் சொல்லிவிட்டான். எல்லா வாசலிலிருந்தும் "ஷ்ஷ்" வந்தது. அவன் நாற்காலியை விட்டு எழுந்து, கிசுகிசுப்பாக, "என்னட்டி இது" என்றான்.

"இலை. கண்ணு தெரியலியா?" என்றாள் பெய்யா. "பூத்தண்ணிதான் இந்த வருசம் இல்லாம ஆக்கிட்டீங்க. இதுவாவது எறங்கட்டும். பெருநாளைக்கு என் வீட்டுப் பலகாரத்தையும் மனுசன் திங்கணும்லா."

பிறகு மன்னூபியா பக்கம் திரும்பினாள். என்ன சொல்வது என்று யோசித்து வந்திருப்பாள். வழியில் எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. மூடியைத் தொட்டு, "இந்த நெளிவை இன்னும் எடுக்கலியாக்கா" என்றாள்.

மன்னூபியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணீரும் விடவில்லை.

"உக்காரு. தண்டைக் கிள்ளிட்டு இலையை மட்டும் போடு. வாயைத் தொறக்காம போடு. அது ஒனக்குக் கஷ்டம்தான்."

பெய்யா உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தாள். நஸீஹா ஒரு முறம் கரி கொண்டுவந்து கொட்டினாள். அண்டாவின் காது இன்னும் சுட்டது.

துஹாமி நின்றுகொண்டே இருந்தான். அவன் மனைவி அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது எப்பம் முடியும்?" என்று கேட்டான்.

"இலைக்கு மூணு வாரம்" என்றாள் மன்னூபியா, மாவைத் திரித்துக்கொண்டே. "பொறவு காட்டு ரோசா வந்துரும். அது முடிஞ்சா புதினா. மழைக்கு முந்தி மலையில இருந்து ரோஸ்மேரி வெட்டிக் கொண்டாருவாங்க."

"அதுக்கும் பொறவு?"

"அதுக்குள்ள நாரத்தை பூத்துரும்."

துஹாமி வண்டிக்குப் போனான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு தரம் உறுமியதும் தெருவே அவனைத் திரும்பிப் பார்த்தது. சாவியை மறுபக்கம் திருப்பினான். ஆட்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள், அவனும் இறங்கினான். மூன்று பேருமாக வண்டியைத் தெருமுனை வரைக்கும் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள்.